தள்ளிப்போடும் மாத்திரை

முதன்முறையாக மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கப் போகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தின் பெயரும் அளவும் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எது எந்த அலமாரியில் இருக்கிறது என்பது ஒரு வாரத்தில் பழகிவிடும். அந்த இரண்டைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து நிற்கும்போது, அவர் முகத்தைப் பார்க்க உங்களுக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

திங்கள்நகரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு மருந்துக்கடையில் பல வருடம் நின்றேன். இப்போது எர்ணாகுளத்தில், வீடுகளுக்கு மருந்து அனுப்பும் ஒரு நிறுவனத்தில் வேலை. திரையில் மருந்துச்சீட்டின் படம் வரும். சரிபார்த்து அனுமதிப்பேன். அடுத்த படம் வரும். காலையில் உட்கார்ந்து மாலையில் எழும் வரைக்கும் ஒரு நோயாளியின் முகத்தையும் பார்ப்பதில்லை. மதியச் சாப்பாட்டையும் அந்தத் திரைக்கு முன்னால்தான் சாப்பிடுகிறேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பீர்கள். ஆனால் கவுண்டரைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான்.

எங்கள் கடைக்கு ஒரு பருவகாலம் உண்டு. மாசி மாதம் மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைத் திருவிழா. அதற்கு முன்னால் பெண்கள் விரதம் இருப்பார்கள். இருமுடி கட்டித் தலையில் வைத்து நடந்து போவார்கள். விரத வீட்டில் தீட்டு ஆகாது. அதனால் தை பிறந்ததுமே மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைத் தேடி வருவார்கள். எங்கள் முதலாளி அண்ணாச்சி அதைச் 'சீசன் மருந்து' என்பார். "இந்த வருஷம் கொடைக்குக் கூட்டம் எப்படின்னு பேப்பர்ல பாக்காண்டாம் பிள்ளே, நமக்க அலமாரிய பாத்தா போதும்" என்பது அவருடைய வருடாந்தர நகைச்சுவை.

மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து அது. பல கடைகளில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சேர்ந்த புதிதிலேயே சீட்டு இல்லாமல் என் கையால் கொடுக்க மாட்டேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் முணுமுணுத்தார். பிறகு, "அந்தப் பிள்ளைட்ட பேசி ஜெயிக்க முடியாது, போய் டாக்டர பாத்துட்டு வாங்க" என்று அவரே வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தொடங்கினார்.

எதையும் வகை பிரித்துப் பார்ப்பது என் சுபாவம். அந்த மாத்திரையைக் கேட்கும் விதத்தைக்கூட வகை பிரித்து வைத்திருந்தேன். கல்யாணமான பெண்கள் பெயரைச் சொல்லிச் சத்தமாகவே கேட்பார்கள். புதுப்பெண்கள் கணவனை அனுப்புவார்கள். அவன் கைப்பேசியில் எழுதியதை நீட்டிவிட்டுக் கூரையைப் பார்ப்பான். மாமியாருக்குத் தெரியாமல் வருபவர்கள் முதலில் ஒரு தலைவலி மாத்திரை வாங்குவார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் வர மாட்டார்கள். அவர்களுக்காக அம்மாக்கள் வருவார்கள்.

அதனால்தான் அந்தப் பெண் என் கண்ணில் பட்டாள். பத்தாம் வகுப்பு. அபி என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் இல்லை. ஒரு மாலை, சீருடையோடு வந்து, காலி அட்டை ஒன்றைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"எக்கா, இதுல ஒரு அட்டை தாங்க."

"யாருக்கு மக்கா?"

"அம்மைக்கு. விரதம் இருக்கா."

"அம்மைய டாக்டர்ட்ட காட்டி, சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லு."

"அம்மைக்கு வர முடியாது. அப்பாவுக்கு சுகமில்ல."

மறுபடி ஒருமுறை கேட்காமல் அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து, "ஒரு அட்டைக்கு இத்தன விசாரணையா? போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு கேக்க மாட்டானுவ" என்றார்.

"அம்மைக்கு வாங்க வந்த பிள்ளை முகத்த நிமித்திக் கேக்கும் அண்ணாச்சி."

"பரீட்சை வருது. பயமும் பேடியுமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பருக்குத் திரும்பினார்.

அதுவரை எனக்குச் சந்தேகம் மட்டும்தான். சில நாட்கள் கழித்து அதே பெண் வந்து நாப்கின் வாங்கினாள், பெரிய பாக்கெட். அந்த வாரமே திரும்ப வந்து இன்னொன்று வாங்கினாள். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஏதோ இடறியது. தள்ளிப்போடும் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு அந்தச் சமயத்தில் நாப்கின் தேவைப்படாது. ஒன்று இருந்தால் மற்றொன்று எதற்கு? மருந்துக்கடையில் ஒவ்வொரு பொருளையும் தனியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரே கை எதையெல்லாம் சேர்த்து வாங்குகிறது என்று பாருங்கள். பாதிக் கதை அங்கேயே இருக்கும்.

"வீட்ல அக்கா தங்கச்சி உண்டா மக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"இல்ல, நான் ஒருத்திதான்" என்றாள். சொன்ன பிறகுதான், அத்தனை நாப்கினும் அவள் ஒருத்திக்கா என்று அறியக் கேட்டேன் என்பது அவளுக்குப் புரிந்தது. பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு திரும்பினாள்.

பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது. உரக்கக் கூப்பிட்டால் பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும். அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று சொன்னேன். "மத்தியானம் மூணு மணிக்கு அண்ணாச்சி சாப்பிடப் போயிருவாரு. கடைல நான் மட்டும்தான் இருப்பேன், கேட்டியா?" அவள் நிற்கவில்லை. ஆனால் காதில் விழுந்திருக்கும் என்று தோன்றியது. வெட்கப்படும் பிள்ளையிடம் 'என்னிடம் சொல்' என்று சொல்லிப் பயனில்லை. யாரும் இல்லாத நேரம் எது என்று சொல்லி வையுங்கள்.

அடுத்தடுத்த நாட்களில் மூன்று மணி ஆனதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஒரு சனிக்கிழமை வந்தாள். சிறப்பு வகுப்பு முடிந்து நேராக வந்திருந்தாள். படியேறி வந்தவள் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தாள். கண்ணாடியில் வியர்வை ஒட்டியது. உதட்டுக்கும் முகத்துக்கும் ஒரே நிறம். துப்பட்டாவை இடுப்பைச் சுற்றிப் பின்னால் மறைத்துக் கட்டியிருந்தாள்.

"எக்கா, ஒரு அட்டை மட்டும் தாங்க. இனி வந்து கேக்க மாட்டேன்."

உள்ளே அழைத்துக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார வைத்தேன். கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. மணிக்கட்டில் நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியவற்றை மனதில் வரிசையாக வைத்திருந்தேன். எப்போது தொடங்கியது, எவ்வளவு சீக்கிரம் நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டியாக வருகிறதா, தலை சுற்றுகிறதா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள். இந்த வரிசையில் ஒரு கேள்வியைக் கேட்கத் தயங்குவீர்கள். அதையும் கேட்டாக வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்து, "அய்யே, அதெல்லாம் இல்ல எக்கா" என்று சட்டென்று சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மீதியெல்லாம் துண்டு துண்டாக வந்தது.

அவள் வயதுக்கு வந்து இரண்டு வருடம். அன்றிலிருந்தே மாதக் கணக்கு சரியாக இருந்ததில்லை. சில சமயம் இரண்டு மாதம் வராது. சில சமயம் ஒரே மாதத்தில் இரண்டு தடவை வரும். அம்மாவிடம் சொன்னபோது, "எனக்கும் அப்படித்தான் இருந்து. போகப் போக செரியாவும்" என்றிருக்கிறார். அதில் தவறில்லை. ஆரம்ப வருடங்களில் பல பெண்களுக்கு அப்படித்தான். உடம்பு தன் ஒழுங்கைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் எடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் வராமலே இருந்தாலும், ஒரு வாரத்தைத் தாண்டி நிற்காமல் போனாலும், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். மற்றபடி பயமுறுத்தாதீர்கள்.

இந்த வருடம் அவள் அப்பா மஸ்கட்டிலிருந்து நெஞ்சுவலியோடு திரும்பி வந்திருந்தார். திருவனந்தபுரத்தில் இதய அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தார்கள். கொடை கழிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டு வாங்கியவர் அம்மா. கணவருக்காக இருமுடி எடுப்பதாக நேர்ந்திருந்தார். மகளுக்குத் தீட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விரதம் தொடங்கிய அன்றே ஒரு கடையில் மாத்திரை வாங்கி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று கொடுக்கத் தொடங்கிவிட்டார். வரும் நாள் தெரிந்தவர்களுக்கே அந்த மாத்திரைக்கு மருத்துவர் கணக்குச் சொல்ல வேண்டும். நாளே தெரியாத உடம்புக்கு எதைக் கணக்காக வைப்பது? முதல் அட்டை தீர்ந்த சில நாளில் உதிரம் தொடங்கியது.

"அம்மைட்ட சொல்லலியா?"

"எப்படி எக்கா சொல்லதுக்கு? விரதம் முறிஞ்சு போவும்லா? அப்பாவுக்கு ஆப்பரேஷன்."

"பிறகு மாத்திரை எங்க வாங்குன?"

"டியூஷனுக்குப் போற வழில. வேற வேற கடைல. போட்டா கொஞ்சம் நிக்கும். கிடைக்காம போனா முன்னத்தக் காட்டிலும் கூடுதலா வரும்."

அந்த வாரங்கள் முழுக்க அவள் அந்த வீட்டில் எப்படி இருந்தாள் என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவின் பாயில்தான் படுத்தாள். நனைந்ததைப் பையில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்க் குப்பையில் போட்டாள். பரீட்சை இருக்கிறது என்று சொல்லி அடுக்களைப் பக்கம் போகாமல் சமாளித்தாள். ஒன்றில் மட்டும் தப்ப முடியவில்லை.

"சாயங்காலம் விளக்கு கொளுத்தது நான்தான் எக்கா. அம்மை அப்பாவ கவனிக்கணும்லா. முடியாதுன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பா." முக்காலியின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லா நாளும் கொளுத்துனேன். இந்தக் கையாலத்தான். அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது என்னாலத்தான்."

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் எதை நம்புகிறேன் என்பது அப்போது அவளுக்கு உதவாது. நான் வாதாடியிருந்தால் என்னை எதிர்த்துப் பேச அவளிடம் மூச்சு இருந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போயிருப்பாள். "அத பிறகு பேசலாம் மக்கா. இப்ப உனக்க உடம்புல ரத்தம் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போணும்" என்றேன்.

"வரேன். அம்மைட்ட சொல்லாதிங்க."

"உன்ன சேக்கணும்னா அம்மை வந்துதான் ஆவணும்."

"அப்ப இன்னைக்குத்தான் வந்துன்னு சொல்லுங்க. இன்னைக்குன்னா நான் தள்ளி இருந்துக்கிடுவேன். விரதத்துக்கு ஒண்ணும் ஆவாது."

இந்த இடத்தில் எளிதாக ஒரு வாக்குக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடிகிறதை மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னேன்: "அம்மைட்ட நானா எதையும் சொல்ல மாட்டேன். ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன். டாக்டர்ட்ட மட்டும் உள்ளது உள்ளபடி தெரியணும், இல்லன்னா மருந்து தப்பிப் போவும். அத நீ சொல்லுதியா, நான் சொல்லணுமா?"

இடுப்பில் கட்டியிருந்த துப்பட்டாவின் முடிச்சை இறுக்கினாள். பிறகு, "நீங்க சொல்லுங்க" என்றாள்.

ஷட்டரை இறக்கிவிட்டு அண்ணாச்சியைக் கைப்பேசியில் அழைத்தேன். "கடைய பூட்டிட்டியா? சீசன் நேரத்துலயா? எனக்கு இப்பத்தான் சோறு எலைல விழுந்துது பிள்ளே!" என்று கத்தினார். சாவி பக்கத்துப் பழக்கடையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். போகும் வழியில் அவளிடம் எண் வாங்கி அவள் அம்மாவை அழைத்தேன். உங்கள் மகளுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, மயக்கமாக வந்தது, மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன், உடனே வாருங்கள். அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

நாங்கள் உள்ளே போன சற்று நேரத்திலேயே அவர் வந்துவிட்டார். குளித்த தலை காயவில்லை, நெற்றியில் குங்குமம். வார்டு வாசல் வரை ஓடி வந்தவர், நர்ஸ் எடுத்துப்போன ரத்தத் துணியைப் பார்த்து நின்றார். பிறகு வாசல்நிலைக்கு வெளியே ஒரு எட்டு பின்வாங்கிக்கொண்டார்.

"ஏட்டி, என்னாச்சு? காலைல நல்லாத்தானே போன?"

மருத்துவர் இளம்பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எப்பத்திலிருந்து இருக்கு?" என்று கேட்டார்.

அபி வாசலைப் பார்த்தாள். "இன்னைக்குத்தான்" என்றாள்.

மருத்துவர் அதை எழுதினார். வாசலில் அம்மா, கட்டிலில் மகள், நடுவில் நான். அங்கேயே சொன்னால் அவளுக்குக் கொடுத்த சொல் போகும். சொல்லாவிட்டால் அந்த ஒரு சொல்லை நம்பி மருந்து ஓடும். அம்மாவிடம் போய், "கொஞ்சம் சுடுவெள்ளம் வாங்கிட்டு வாருங்கம்மா, கேன்டீன் கீழ இருக்கு" என்றேன். ஏதாவது செய்யக் கிடைத்தால் போதும் என்று காத்திருந்தவர் போல ஓடினார். அவர் படி இறங்கும் சத்தம் கேட்டதும் அபியைப் பார்த்தேன். கண்ணை மூடித் தலையசைத்தாள். எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொன்னேன்: எந்த மருந்து, ஏறக்குறைய எத்தனை வாரம், விட்டு விட்டு எப்படி, முன்னால் மாதக் கணக்கு எப்படி. அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கொடுக்கச் சொன்ன மருந்துகளில் அதே மாத்திரையும் இருந்தது.

"இது அதுதானே எக்கா?" என்றாள் அபி, அட்டையைப் பார்த்து.

"அதேதான். கணக்குத் தெரிஞ்ச ஆள் தராங்க, அதுதான் வித்தியாசம்." மாத்திரையின் மேல் கோபப்படாதீர்கள். அது எந்த வீட்டிலும் தானாக நுழைவதில்லை.

ஊசி குத்தும்போது நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் நிமிர்ந்து, "அம்மா, இங்க வந்து பிள்ளைய பிடிங்க" என்றார்.

சுடுதண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றவர், "தொடப்பிடாது சிஸ்டர். விரதம்" என்றார்.

"மாசி வந்தா இதே பாடுதான். விரதம் முடியது வரைக்கும் இந்த ஊசி கைல நிக்குமா?"

அவர் அழுதுவிட்டார். "அவளுக்க அப்பாவுக்குத்தான் சிஸ்டர், எனக்கு வேண்டி இல்ல. பிள்ளே, நீ பிடிச்சுக்கோ" என்று என்னைப் பார்த்தார். பிடித்தேன். ஊசி இறங்கியபோது வாசலில் நின்றவரின் முழங்கைதான் மடங்கியது. "பேடிக்காத மக்கா, அம்மை இஞ்சதான் நிக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்மணியைக் கல்மனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே கையால் இரண்டு பேரைப் பிடிக்கப் பார்த்தவர் அவர்.

அபியின் கை என் கைக்குள் குளிர்ந்து கிடந்தது. என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "அம்மை உள்ள வராம இருக்கது நல்லது எக்கா" என்றாள். அந்த வாசலில் நின்று ஒரு தாய் காத்துக்கொண்டிருந்தது என்றைக்கோ முறிந்துபோன விரதத்தை. அது அவள் மகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தத் தாய்க்கு மட்டும் தெரியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் உள்ளே வந்து பிள்ளையைத் தொடுவதற்குத் தடை இருக்காது. ஆனால் தொட வரும் அந்தக் கை எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது.

ரத்தம் சொட்டத் தொடங்கிய பிறகு வராந்தாவுக்கு வந்தேன். அம்மா என்னைச் சன்னல் ஓரத்துக்கு அழைத்தார்.

"ஒரே நாள்ல இத்தன ரத்தம் போவுமா பிள்ளே?"

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"உள்ளத சொல்லு. இன்னைக்கா? முன்னமேயா?"

ஆமாம், இல்லை என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறதா என்று தேடினேன். தேடிக்கொண்டிருந்ததே அவருக்குப் பாதி பதில் ஆகியிருக்கும்.

"அத நான் சொல்ல முடியாதும்மா. அவகிட்ட கேளுங்க. ஆனா இஞ்ச நின்னு கேக்காதிங்க. உள்ள போய், பக்கத்துல இருந்து கேளுங்க."

"உள்ள போனா முறிஞ்சு போவுமே."

"ஆமாம்மா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அவர் மனதில் எந்த நாட்கள் ஓடின என்று எனக்குத் தெரியாது. பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "விளக்கு கொளுத்தச் சொன்னது நான்தானே" என்றார். செம்பை என் கையில் கொடுத்தார். வார்டில் எல்லோரும் செருப்போடுதான் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. அபி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அம்மாவின் கை உயர்ந்தது. அடிக்கப் போகிறார் என்று கதவில் கை வைத்துவிட்டேன். அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு ரத்தம் இறங்கும் குழாய் மடங்கியிருந்ததை நேராக்கியது. அதற்குப் பிறகுதான் அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மகளைப் பார்க்கவில்லை. முதுகை அவள் காலோடு ஒட்டி வைத்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செம்பை நர்ஸிடம் கொடுத்துவிட்டு நான் பேருந்து ஏறினேன். யாரும் என்னைத் தேடவில்லை. தேட வேண்டிய நேரமும் இல்லை அது. சன்னல் ஓரம் உட்கார்ந்து கடைக்குத் திரும்பினேன். இந்த வேலையில் மிகத் தனியான நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஒரு வீட்டின் உள்ளறை வரை போய்விட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஷட்டரைத் தூக்கி அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை யாரிடமும் சொல்லவும் கூடாது. அன்று வீட்டில் அம்மா, "ஏன் ஒருமாதிரி இருக்க?" என்று கேட்டபோது தலைவலி என்றேன்.

அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைக்கு எப்படி இருக்கு?" தேவலை என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து சீருடையோடு யாராவது வந்தால், அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்று படிக்க ஆரம்பித்தார்.

அபி எங்கள் கடைக்குத் திரும்ப வரவில்லை. அவள் அம்மாவும் வரவில்லை. அந்த வருடம் அவர் இருமுடி எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. கொடை நாட்களில் கடை வாசல் வழியாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நான் முகங்களைத் தேடாமலிருக்க முயன்றேன். அவர்களுடைய எண் என் கைப்பேசியில் இருந்தது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தேன், அழைக்கவில்லை. நம்மிடம் வந்து நின்றவர்கள் நன்றாகிவிட்டால் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள். தங்களுடைய மிக மோசமான நாளைப் பார்த்த முகத்தை யாருக்குத் தினமும் பார்க்கப் பிடிக்கும்? உங்களுக்கும் இது நடக்கும். நன்றி கெட்டவர்கள் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

கோடை மழை தொடங்கியிருந்த ஒரு மாலையில் எதிரே பேருந்து நிலையத்தில் அவர்களைப் பார்த்தேன். முதலில் அந்த அம்மாவைத்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் மெலிந்த ஓர் ஆள். சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்திருந்தன, நெஞ்சின் நடுவில் நீளமாகப் புதுத் தழும்பு. ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்து நடந்தார். அவருடைய பையை அபி பிடித்திருந்தாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. அவர் ஏதோ சொல்ல, "அப்பா, ஆப்பரேஷன் பண்ணுன ஆளு மாதிரியா நடக்கிய? மெதுவா வாங்க" என்று அதட்டினாள். அவர் சிரித்தார்.

பேருந்துக்குத் திரும்பியபோது அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தது அம்மாவுக்கும் தெரிந்தது. இருவரும் ஒரு கணம் அசையாமல் நின்றார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் கவுண்டரில் நான் நின்றிருந்தேன். கை தானாக எழப் பார்த்தது. கண்ணாடி மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். உயர்த்தியிருந்தால் அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, "யாரு மக்கா அது?" என்று கேட்டிருப்பார்.